ஒரு வரி குறைந்தது

ஏழாம் அறையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

குடிக்க வேண்டியவர் அதற்கு முன்பே ஆறிப்போயிருந்தார்.

எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். முகம் வீங்கி, உதடு தடித்து, கழுத்தில் அவரே பிறாண்டிக்கொண்ட நகக் கீறல்கள். மூச்சுக்காகப் பத்து நிமிடம் போராடியிருக்கிறார். அந்தப் பத்து நிமிடமும் ஊசி போட்ட நர்ஸ் பக்கத்திலேயே நின்று டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறாள். டாக்டர் வந்தபோது மணி பத்து இருபது. வேலை முடிந்துவிட்டிருந்தது.

பதினொன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே கான்ஸ்டபிள்.

வயதானவர்களைத் தங்க வைத்து வைத்தியம் பார்க்கிற இல்லம் அது. இரண்டு மாடி, இருபது அறை. டாக்டர்தான் சொந்தக்காரர். வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு மனிதர் துடிதுடித்துச் செத்த காலையில் கோட்டை மாற்றிக்கொள்ள நேரம் கிடைத்திருக்கிறது இந்த ஆளுக்கு!

"கேஸ் ரொம்ப சிம்பிள் மேடம். புதுசா வந்த நர்ஸ். அலட்சியம். ஆகாத ஊசியைப் போட்டுட்டா. ஸ்டோர் ரூம்ல உக்கார வைச்சிருக்கோம். கூட்டிட்டுப் போயிடுங்க."

"உக்கார வைச்சிருக்கீங்களா, பூட்டி வைச்சிருக்கீங்களா?"

டாக்டர் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தச் சாவியையே பார்த்தார். இருபத்தோரு வருட சர்வீஸில் ரத்தம் பார்த்து அவருக்குக் குமட்டியதில்லை. மனிதர்களைப் பார்த்துத்தான் குமட்டும். இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆரம்பித்துவிட்டது.

ஸ்டோர் ரூமில் பினாயில் நெடி. கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"எத்தனை நாளா இங்க வேலை பார்க்கற?"

"ரெண்டு வாரம் மேடம்."

"என்ன நடந்துச்சு? பயப்படாமச் சொல்லு."

"பத்து மணிக்குக் காப்பி கொண்டு போனேன். உடம்பு அனலாக் கொதிச்சுது. நூத்தி மூணு. கூப்பிட்டாக் கண்ணைத் திறக்கலை. காய்ச்சல் நூத்தி ரெண்டைத் தாண்டினா ஊசி போடணும்னு எல்லா ரூமுக்கும் பொதுவா டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கார். ஆனா நான் கேட்டுட்டுத்தான் போட்டேன் மேடம்."

"யார்கிட்ட?"

"தோழிகிட்ட."

"அவளையும் கூப்பிடு."

"அவ ஆள் இல்லை மேடம். இதுக்குள்ள இருக்கா."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். ஏஐ. நோயாளிகளைப் பற்றி எது கேட்டாலும் பதில் சொல்லும் என்று இந்த இல்லம் வாங்கி வைத்திருக்கிற செயலி.

இன்ஸ்பெக்டர் திரையைப் படித்தார்.

*காலை 10.04. ஏழாம் அறை. காய்ச்சல் 103. பட்டியலில் உள்ள ஊசியைப் போடலாமா? இவருக்கு ஆகாத மருந்து ஏதாவது இருக்கிறதா?*

கீழே தோழியின் பதில்.

*டாக்டரின் பட்டியலில் உள்ளபடி போடலாம்.*

"இங்க ரூல் மேடம். எந்த ஊசியா இருந்தாலும் தோழிகிட்டக் கேட்டுட்டுத்தான் போடணும். கேக்காமப் போட்டா வேலை போயிடும்."

"கேட்டுட்டுப் போட்டே. என்ன ஆச்சு?"

"உயிர் போயிடுச்சு மேடம்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் திரையை இன்னொரு தரம் படித்தார்.

"நீ ரெண்டு கேள்வி கேட்டிருக்க. ஒண்ணுக்குத்தான் பதில் வந்திருக்கு."

நர்ஸ் டேப்பை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நான்... நான் கவனிக்கலை மேடம். அவசரத்துல போடலாம்னு மட்டும்தான் கண்ணுல பட்டுது. எனக்கு ஜெயிலா மேடம்?"

"இன்னும் தெரியலை. வெளில வந்து உக்காரு. இந்த நாத்தத்துல எவ்ளோ நேரம்தான் இருப்பே."

வராந்தாவுக்கு வந்தார்கள். அங்கே வேறொரு ரகளை நடந்துகொண்டிருந்தது.

பெரியவரின் மகள் வந்திருந்தாள். ஆபீஸிலிருந்து அப்படியே ஓடி வந்தவள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. டாக்டரின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"போன மாசமும் இதே ஊசிதானே? உங்க கையாலதானே போட்டீங்க? அப்பாவுக்கு அன்னைக்கே மூச்சு நின்னு போயிருக்கணும். ஏதோ தப்பிச்சார். மறுநாள் என்கிட்ட என்ன சொன்னீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனி ஜென்மத்துக்கும் மறக்காதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

டாக்டர் கோட்டை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"சொன்னீங்களா டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது... அவங்க ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க மேடம்."

"அவங்க அப்பா செத்திருக்கார். வேற எப்படி இருப்பாங்க? ஏழாம் அறை ஃபைலைக் கொடுங்க."

கான்ஸ்டபிள் ஃபைலை வாங்கி எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மேடம், போன மாசம் பன்னெண்டாம் தேதிக்கு அப்புறம் நேரா பதினாலாம் தேதி வருது. டாக்டருக்குப் பதிமூணாம் நம்பர் ஆகாது போல."

நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் காகிதப் பிசிறு மட்டும் மிச்சம்.

மகள் அதைப் பார்த்தாள். கோட்டை விட்டுவிட்டாள். அசிங்கத்தைத் தொட்டுவிட்டதைப் போலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அப்பாவின் அறைக்குள் போனாள்.

"தோழிக்குத் தகவல் கொடுக்கறது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூட்டைன்னு ஒருத்தர் இருக்கார் மேடம்," என்றாள் நர்ஸ். "ஸ்டோர் ரூமுக்கு அடுத்த ரூம்."

மூட்டை என்றதும் குண்டான ஆளை எதிர்பார்த்தார் கான்ஸ்டபிள். ஊதுபத்தி மாதிரி ஒருவர் எழுந்து நின்றார். ஏஐக்குத் தகவல் மூட்டை கட்டுவது அவர் வேலை. அதனால் வந்த பெயர். முப்பத்தைந்து வயது, கண்ணாடி, பணிவு. பணிவு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"வாங்க மேடம். நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். பாவம் மேடம் அந்தப் பொண்ணு."

"உங்க தோழி ஏன் அவளுக்கு உண்மையைச் சொல்லலை?"

"தோழிக்கு ஞாபகமே கிடையாது மேடம். அது எல்லாருக்கும் புரியறதில்லை. ஒவ்வொரு தடவை கேள்வி போகும்போதும், அந்த நோயாளியைப் பத்தி ஒரு பக்கம் தகவலைக் கூடவே கட்டி அனுப்பணும். அந்தப் பக்கத்துல இருக்கறதுதான் அதுக்குத் தெரியும். அதுல இல்லாதது இந்த உலகத்துலயே இல்லை."

"ஏன் ஒரு பக்கம்? நூறு பக்கம் அனுப்ப வேண்டியதுதானே?"

"நிறையத் திணிச்சா முக்கியமானதைக் கோட்டை விட்டுடும் மேடம். அதனால ஒரு ரூமுக்கு ஒரு பக்கம்னு அளவு. எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு பார்க்கறதுதான் இதுல பெரிய வித்தையே."

"ஏழாம் அறைக்கு ஆகாத ஊசின்னு அந்தப் பக்கத்துல இருந்துச்சா?"

மூட்டை தயங்கினார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் வாயால எதுக்கு மேடம்? நீங்களே தோழிகிட்டக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கீபோர்டை இழுத்தார். ஒரு விரலால் தட்டினார்.

*ஏழாம் அறைப் பெரியவருக்கு அந்த ஊசி ஆகுமா?*

இரண்டு விநாடி.

*மன்னிக்கவும். ஏழாம் அறை ஊசி விஷயத்தைப் பேச வேண்டாம் என்று எனக்கு உத்தரவு.*

"யார் உத்தரவுன்னு கேளுங்க மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

கேட்டார்.

*டாக்டரின் உத்தரவு.*

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "பேசக் கூடாதுங்கறதை மட்டும் நல்லாப் பேசுது மேடம். என் மச்சானும் இப்படித்தான். ரகசியம், ரகசியம்னு சொல்லியே ஊருக்கெல்லாம் சொல்லிடுவான்."

மூட்டை, ஏழாம் அறையின் பக்கத்தைத் திரையில் திறந்தார். வயது, எடை, இரத்த அழுத்த மாத்திரை, தூங்கும் நேரம். நடுவில் ஒரு வரி.

*டாக்டர் உத்தரவு: ஏழாம் அறை ஊசி விஷயம் பேசாதே.*

"டாக்டரை உள்ள கூப்பிடுங்க."

டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். அந்தக் கோட்டுக்குள் இருந்த ஆள் ஒரு சுற்று சின்னதாகிப் போனார்.

"இது என்ன டாக்டர்?"

"மேடம், அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க ஆய்வுக்கு வர்றாங்க. வர்றவங்க இப்பல்லாம் ஏஐகிட்டயே நேரடியாக் கேள்வி கேக்கறாங்க. உடம்புக்கு ஒத்துக்குமான்னு டெஸ்ட் பண்ணாம நான் ஊசி போட்ட விஷயம் வெளில வந்துடக் கூடாதுன்னுதான்..."

"அதுக்காகத் தாளைக் கிழிச்சீங்க. தோழி வாயை அடைச்சீங்க."

"தாளைக் கிழிச்சது உண்மை. ஆனா நர்ஸ்களுக்குச் சொல்லணும்னு நான் தெளிவாச் சொன்னேன் மேடம். ஆய்வுக்காரங்ககிட்ட மட்டும் வேண்டாம்னுதான் சொன்னேன். சத்தியமா."

"அப்படி இங்க எழுதலையே."

"டாக்டர் சொல்ல மறந்துட்டார் போலிருக்கு மேடம்," என்றார் மூட்டை மெதுவாக. "பழைய பக்கங்களும் இல்லை. ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும். இருந்தா டாக்டருக்கு நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்."

இன்ஸ்பெக்டர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விரோதத்துல கொன்னவனைப் பார்த்திருக்கேன். ஆத்திரத்துல கொன்னவனைப் பார்த்திருக்கேன். அவனுங்ககூட உக்கார்ந்து டீ குடிச்சிருக்கேன். பேர் கெட்டுடக் கூடாதுன்னு ஒரு வயசானவரை இப்படிச் சாக விட்ட உங்க பக்கத்துல நிக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்."

வாசலில் தலைமை நர்ஸ். ஐம்பது வயது. இவ்வளவு நேரமும் ஏழாம் அறையில் மகளுடன் இருந்தவர். கண்கள் கலங்கியிருந்தன.

"டாக்டர் சத்தியம் பண்ணினது அங்க வரைக்கும் கேட்டுது. அவர் பண்ணினதுக்கு நான் பரிஞ்சு பேச வரலை. ஆனா தோழி என்கிட்டப் பேசிச்சே மேடம்."

"எப்போ?"

"மூணு வாரம் முன்னாடி. அன்னைக்கும் அவருக்குக் காய்ச்சல். ஊசி போடலாமான்னு கேட்டேன். வேண்டவே வேண்டாம்னு சொல்லிச்சு. மாத்திரை கொடுத்து, நெத்தில ஈரத்துணி போட்டேன். இறங்கிடுச்சு."

தன் டேப்பை நீட்டினார். தேதியோடு இருந்தது.

*போடக் கூடாது. இந்த ஊசியால் இவருக்கு முன்பு மூச்சு அடைத்தது.*

"இதை ஏன் நீங்க அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலை?"

தலைமை நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோழி சொல்லிடும்னு இருந்துட்டேன் மேடம். முன்னாடியெல்லாம் டியூட்டி மாறும்போது வாயாலயே சொல்லிட்டுப் போவோம். இது வந்தப்புறம் அந்தப் பழக்கமே போயிடுச்சு."

மேலே ஃபேன் கிறீச்சிட்டது.

இன்ஸ்பெக்டர் மெல்ல மூட்டையின் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் உத்தரவு போட்டது எப்போ?"

"போன மாசம் பதினாலாம் தேதி மேடம்."

"அதுக்கு அப்புறமும் தோழி இவங்களை எச்சரிச்சிருக்கு. அப்போ டாக்டர் சொன்னது பொய் இல்லை. நர்ஸ்களுக்குச் சொல்லுங்கறது அந்தப் பக்கத்துல இருந்திருக்கு. அதுக்குப் பின்னாடி யாரோ எடுத்திருக்காங்க."

"சில சமயம் தோழியே மாத்திக்கும் மேடம்..."

"இப்பத்தானே அதுக்கு ஞாபகமே கிடையாதுன்னீங்க? ஞாபகம் இல்லாதது எதை எடுத்து மாத்தும்?"

மூட்டையின் கண்ணாடிக்குள் வியர்வை இறங்கியது.

"கான்ஸ்டபிள், அந்தக் கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டி மாதிரி ஒண்ணு இருக்கும். திறங்க."

"அது வேண்டாம் மேடம்," என்று மூட்டை எழுந்தார். டாக்டரே அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

கான்ஸ்டபிள் இரண்டு தரம் தட்டினார். குப்பைத் தொட்டி திறந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். ஏழாம் அறை, பழைய பக்கம்.

தகவலைத் தூக்கிப் போடுவதே தொழிலாக வைத்திருந்த ஆள், தூக்கிப் போட்டது எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சத்தமாகவே படித்தார்.

"டாக்டர் உத்தரவு. ஏழாம் அறைப் பெரியவருக்குக் காய்ச்சல் ஊசி ஆகாது, மூச்சு அடைக்கும். நர்ஸ்கள் கேட்டால் கட்டாயம் எச்சரி. ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் மட்டும் இந்த விஷயம் பேசாதே."

மூன்று வாக்கியம். அதில் இரண்டு காணாமல் போயிருந்தது. மூன்றாவதில் பாதிதான் மிச்சம்.

"அழிச்ச நேரமும் இருக்கு மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "இன்னைக்குக் காலைல பத்து நாப்பத்தெட்டு."

"பெரியவர் செத்து இருபத்தெட்டு நிமிஷம் கழிச்சு. சொல்லுங்க மூட்டை. ஏன் வெட்டினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் நிரம்பிடுச்சு மேடம். எல்லா ரூமுக்கும் மூணு வரி புதுசாச் சேக்கச் சொன்னார் டாக்டர். இடம் இல்லை. எதையாவது சுருக்கணும். இது நீளமாத் தெரிஞ்சுது. இருபது ரூம் இருக்கு, மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்னு... பேசாதேங்கறதுதான் முக்கியம்னு நினைச்சுட்டேன். அதான் ஆகாததைப் பத்தின கேள்வியை விட்டுட்டு, பட்டியலை மட்டும் பார்த்துப் போடலாம்னு சொல்லியிருக்கு."

"அந்த மூணு வரி எது?"

மூட்டை திரையின் அடியில் விரலை வைத்தார்.

*பார்க்க வருபவர்களிடம் நம் தோட்டத்தைப் பற்றிச் சொல். புதிய ஊஞ்சலைப் பற்றிச் சொல். ஐந்து நட்சத்திரம் போடச் சொல்.*

இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் படித்தார். ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றை இழுத்தார். எதிரில் தோட்டம். புது ஊஞ்சல். யாருமே அதில் இல்லை. தூ!

திரும்பாமலே பேசினார்.

"வெள்ளிக்கிழமை நீங்க பண்ணினது தப்பு. மனுஷன்னா தப்புப் பண்ணுவான். காலைல சேதி கேட்டதும் உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"உடனே புரிஞ்சுடுச்சு மேடம்."

"புரிஞ்சு என்ன பண்ணினீங்க?"

மூட்டை திரையிலிருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தார்.

"பழைய பக்கத்தை அழிச்சீங்க. பழி டாக்டர் தலைல விழற மாதிரி என்னைத் தோழிகிட்டப் பேச விட்டீங்க. அதுவும் நான் வந்தப்புறம்தான். நான் வராம இருந்திருந்தா அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போயிருப்பா. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே அவளைப் பூட்டி வைச்சிருந்தாங்க? அவ அழுதது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுது மேடம்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

தலைமை நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கான்ஸ்டபிளுக்குக்கூட ஜோக் எதுவும் வரவில்லை.

டாக்டர் மட்டும் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"பார்த்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன். அப்போ நான் போகலாமில்ல? ரவுண்ட்ஸ் பாக்கி இருக்கு."

"ஆகாதுன்னு தெரிஞ்ச ஊசியைப் பொதுப் பட்டியல்ல அப்படியே விட்டீங்க. எழுதி வைச்சிருந்த ஒரே தாளையும் கிழிச்சீங்க. ஒரு உயிரை ஒரே ஒரு பக்கத்தை நம்பி விட்டுட்டு ரவுண்ட்ஸ் போறாராம் ரவுண்ட்ஸ். கான்ஸ்டபிள், இவருக்கும் ஒண்ணு மாட்டுங்க. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வரட்டும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டே வரட்டும்."

வராந்தா பெஞ்சில் நர்ஸ் எழுந்து நின்றாள். இரண்டு விலங்குகளையும் பார்த்தாள். மூன்றாவது தனக்கு என்று நினைத்துக் கைகளை நீட்டினாள்.

"கையை இறக்கும்மா. வீட்டுக்குப் போ."

"அப்போ... நான் அவரைக் கொல்லலையா மேடம்?"

"நீ கேட்டுட்டுத்தானே போட்ட. நீ கேட்டதுக்கு இவங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்."

அவள் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவரின் மகள் அறையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். நர்ஸின் ஊசி போட்ட கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாசலில் ஜீப் உறுமியது. பின்சீட்டில் டாக்டரும் மூட்டையும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

"மேடம்," என்றார் மூட்டை ஈனஸ்வரத்தில். "வாக்குமூலம் எத்தனை பக்கத்துக்குள்ள எழுதணும்?"

இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"ஒரு வரி கூடச் சுருக்காதீங்க. எங்ககிட்ட இடம் நிறைய இருக்கு... உள்ளயும்தான்."